ஆறாட்டு நாளில் குதிரையிலிருந்து இறக்கிய மனிதர்

எங்கள் பிரிவின் பெயர்ப்பலகையை மாற்றப்போகிறார்கள் என்ற செய்தியோடு, அங்கே இப்போது வேலை பார்க்கும் பெண்கள் இருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். 'பிசியோதெரபி' என்று இருந்த இடத்தில் இனி இன்னும் நீளமாக ஒரு பெயர் வருமாம். என் காலத்தில் அந்தக் கதவில் பலகையே கிடையாது. எல்லோரும் அதை மசாஜ் ரூம் என்றார்கள். என்னை மசாஜ் சிஸ்டர் என்றார்கள். அப்படிச் சொல்லும்போது சில ஆண்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள், நான் கவனிக்காத மாதிரி இருப்பேன்.

வந்தவர்களில் இளையவள் கேட்டாள்: "சிஸ்டர், இந்த ஸ்போர்ட்ஸ்காரங்களுக்கு டிரெயினிங், தெரபி எல்லாம் இப்பத்தானே வந்தது? உங்க காலத்துல யாருக்குச் செஞ்சீங்க?"

"குதிரைக்காரங்களுக்கு" என்றேன்.

அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

என் ஊர் தக்கலைக்குப் பக்கம். நர்ஸ் படிப்பு முடித்ததும் சண்டைக் காலம். பெங்களூரில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. காலும் தோளும் உடைந்து வந்த சிப்பாய்களை மறுபடியும் நடக்கவைக்க ஆள் போதவில்லை என்று எங்களில் சிலரைப் பிரித்தெடுத்து, மசாஜும், விளக்கு வெப்பமும், உடற்பயிற்சியும் கற்றுக்கொடுத்தார்கள். சண்டை முடிந்தது. நாடு கைமாறியது. திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈப்பன் எலும்பு வைத்தியத்துக்குத் தனி வார்டு தொடங்கியபோது என்னை அழைத்துக்கொண்டார். தற்காலிக வேலைதான். வேண்டாம் என்றால் மறுநாளே போகச் சொல்லலாம்.

டாக்டர் ஈப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் நம் பேச்சை முகம் பார்த்துக் கேட்க மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் கை கழுவுவார். முழங்கை வரைக்கும் சோப்பு. நாம் சொல்லி முடிக்கும்வரை கழுவிக்கொண்டே இருப்பார். "இந்த ஆளுக்கு நரம்புக் கோளாறு என்று நினைக்கிறேன் டாக்டர்" என்று ஆரம்பித்தால் குழாயை மூடிவிடுவார்.

"கண்டதைச் சொல். நினைக்கிறதை நான் நினைச்சுக்கிறேன்."

அப்புறம் மறுபடியும் தண்ணீர் ஓடும். முதல் வருடம் எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வரும். பிறகு அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

நகரத்தில் அப்போது ஒரு சிறிய குதிரைப்படை இருந்தது. ஊர்வலம், பெரிய மனிதர் வருகை, திருவிழாக் கூட்டம் என்றால் அவர்கள்தான் முன்னால் போவார்கள். அதன் தலைவரை எல்லோரும் மேஜர் என்பார்கள். வயதானவர், மீசை நரைத்தவர், பேச்சில் சிக்கனம். அவருடைய ஆட்களில் பாதிப் பேர் இடுப்புவலி என்று எங்கள் வார்டில் வரிசையில் நின்றார்கள். டாக்டர் ஈப்பன் அவரிடம் சொன்னார்: "படுக்கப் போட்டால் வலி குறையும், சேணத்தில் ஏறினால் திரும்ப வரும். என் சிஸ்டரை அங்கே அனுப்புகிறேன். உட்காருவதைப் பார்க்கட்டும்."

குதிரை மேல் இருப்பவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லாயத்துக்குப் பின்னால் இருந்த மணல் மைதானத்தில் ஒரு வாரம் நின்று பார்த்த பிறகுதான் புரிந்தது. குதிரை ஓர் அடி வைக்கும்போதெல்லாம் அதன் முதுகு மேலே தள்ளுகிறது. உட்கார்ந்திருப்பவனின் இடுப்பு அதற்கு இடம்கொடுத்து முன்னும் பின்னும் அசைய வேண்டும். விழுந்துவிடுவோமோ என்று தொடையை இறுக்கிப் பிடிக்கிறவனுக்கு இடுப்பு அசையாது. அந்தத் தள்ளல் முழுவதும் முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் போய் இடிக்கும். அங்கேதான் எல்லோருக்கும் வலி.

ஒரு பெரிய மரப்பீப்பாயைப் படுக்கவைத்து, அதன் மேல் பழைய சேணம் ஒன்றைக் கட்டச் சொன்னேன். காலை நுழைத்து ஊன்றும் இரும்பு வளையமான அங்கவடி இல்லாமல், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடிவயிற்றை உள்ளே இழுத்தும் விட்டும் இடுப்பை மட்டும் ஆட்ட வேண்டும். பிறகு தரையில் பாய் போட்டு மல்லாந்து படுத்து, உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் மெல்லச் சரியவிட வேண்டும். தொடையின் உள்பக்கம் இளகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு முன்னால் அப்படிப் படுக்க யார் சம்மதிப்பார்கள்? எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். பின்வரிசையில் யாரோ ஏதோ சொல்ல, ஒரு சிரிப்பு ஓடியது.

அப்போது ஒருவர் முன்னால் வந்து பாயில் படுத்தார். உயரமான, ஒல்லியான ஆள். "சிரிக்கிறவன் எல்லாம் வாங்கலே. பேறு பாத்ததும் நர்சுதான், பொழைக்க வெக்கதும் நர்சுதான். இதுல என்ன வெக்கம்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்க சிஸ்டர், முட்டு எவ்வளவு தாழணும்?" என்று கேட்டார்.

அவர்தான் தாணுலிங்கம். நாகர்கோவில் பக்கத்து ஆள். ஆரியசாலையில் அரிசிக்கடை வைத்திருந்தவரின் மகள் பகவதியைக் கட்டியிருந்தார். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. படையில் அவரைப்போல உட்காருகிறவர் வேறு யாரும் இல்லை. ஜூலி என்ற பெண் குதிரை அவருடையது. ஊர்வலம் என்றால் முதல் குதிரை அதுதான். அன்று அவர் படுத்த பிறகு மற்றவர்களும் படுத்தார்கள். அதற்கப்புறம் அந்த மைதானத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

எங்கள் ராஜ்யமும் பக்கத்து ராஜ்யமும் ஒன்றாகி, நிர்வாகம் மாறிக்கொண்டிருந்த வருடம் அது. குதிரைப்படையில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. யாரைக் குறைப்பார்கள் என்று கேட்டால், ஏறி உட்கார முடியாதவனைத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பேச்சு வந்த பிறகு என் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். யாருக்கும் இடுப்புவலி இல்லையாம்!

தைமாதக் கடைசியில், பயிற்சியின்போது ஜூலி கால் இடறிச் சரிந்தது. தாணுலிங்கம் விழவில்லை. விழாமல் இருக்க உடம்பை முறுக்கினார். அந்த முறுக்கில் இடுப்பில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது என்றார். எங்களிடம் வந்தபோது வலது காலை மல்லாந்த நிலையில் ஒரு சாண்கூடத் தூக்க முடியவில்லை. தூக்கினால் பிட்டத்திலிருந்து குதிகால் வரை மின்னல் அடிக்கும். முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் ஈப்பன் சொன்னார். பலகைக் கட்டிலில் படுக்கை, விளக்கு வெப்பம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி. அறுத்துப் பார்க்கும் வழியும் இருந்தது, ஆனால் அதை நம் பக்கத்தில் அப்போது யாரும் எளிதில் தொட மாட்டார்கள்.

மாசி பிறந்து ஓடியது. அவர் எழுந்து நடந்தார். சேணத்திலும் ஏறினார். பங்குனி ஆறாட்டு நெருங்கியது. கோயிலிலிருந்து சாமி சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் அந்த ஊர்வலத்தில் முதல் குதிரையாகப் போவது சாதாரண விஷயமில்லை. நகரம் முழுவதும் பார்க்கும். யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை அனுப்பலாம் என்று முடிவு செய்யப்போகிறவர்களும் பார்ப்பார்கள்.

ஆறாட்டுக்கு மூன்று நாள் முன்பு, தாணுலிங்கம் மசாஜ் ரூமுக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சிஸ்டர், வலி போயிட்டு. சுத்தமாட்டுப் போயிட்டு. நேத்து காலையில எந்திரிச்சேன், ஒரு கொழப்பமும் இல்ல."

நான் காலைத் தூக்கிப் பார்த்தேன். நன்றாகத் தூக்க முடிந்தது. மின்னல் இல்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் ஈப்பன் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. இந்த நோயில் வலி படிப்படியாகக் குறைந்தால் நல்லது. ஒரே நாளில் மாயமானால் நரம்பே செத்துக்கொண்டிருக்கலாம். அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது கால்விரல்களில் எழும்பி நிற்கச் சொன்னேன். இடது காலில் எழும்பினார். வலதில் குதிகால் தரையை விடவில்லை. மறுபடியும் முயன்றார். முகத்தில் சிரிப்பு மட்டும் மாறாமல் இருந்தது.

"தூக்கம் சரியில்ல சிஸ்டர், அதான்."

மைதானத்துக்கும் போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் சில அடிக்கொரு தரம் குனிந்து தன் வலது காலைப் பார்த்துக்கொண்டார். பத்து வருடம் குதிரை ஏறியவர் அங்கவடியைக் குனிந்து பார்ப்பாரா?

டாக்டரின் முதுகைப் பார்த்து, கண்டதை மட்டும் சொன்னேன். தண்ணீர் நின்றது. அன்றே தாணுலிங்கத்தை வரவழைத்துச் சோதித்தார். குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ள வேண்டும், வலதில் துள்ளவில்லை. பாதத்தின் வெளிப்பக்கம் பஞ்சால் தொட்டால் தெரியவில்லை. "மூத்திரம் போவதில் கஷ்டம் உண்டா?" என்று கேட்டார். "இல்ல சார்." "உட்காரும் இடத்தில் மரத்துப்போன மாதிரி?" "இல்லவே இல்ல சார்."

டாக்டர் உடனே அட்மிட் ஆகச் சொன்னார். தாணுலிங்கம் கையைக் கூப்பினார். "ஆறாட்டு முடியட்டு சார். மறுநாள் காலையில நானே வந்து படுத்துக்கிடுகேன். இப்ப படுத்தேன்னா பின்னே எனக்கு வேலை கெடையாது."

மேஜரும் போனில் பேசினார். ஓட்டம் இல்லை, நடைதான், அவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். டாக்டர் வெகுநேரம் யோசித்தார். சோதனையில் கண்டது ஒரு காலின் ஒரு நரம்பு மட்டும்தான். கடைசியில், நடை வேகத்தில் மட்டும் போகலாம், அதுவரை வீட்டில் படுக்கை, மறுநாள் காலை இங்கே என்று ஒப்புக்கொண்டார்.

ஆறாட்டு நாள் மதியம். வெளி நோயாளிகள் எல்லாம் சீக்கிரம் போய்விட்டார்கள். நான் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவோரம் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. பகவதி. அரிசிக்கடைத் தெருவிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், முகமெல்லாம் வியர்வை. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நான் வந்தது அவ்வொளுக்குத் தெரியக்கூடாது. எந் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காவ."

"உட்காரு. என்ன?"

அவள் உட்காரவில்லை. சொல்வதற்கு வார்த்தை தேடினாள். "முந்தாநாள் ராத்திரி செங்கல்லைச் சுட்டு, துணியில சுத்தி, இடுப்புக்கு ஒத்தடம் குடுத்தேன். துணி வெலகினது தெரியாம அவ்வொ அதுமேலயே உக்காந்துட்டாவ. வேகுத நாத்தம் எனக்கு வருது அக்கா, அவ்வொ பாட்டுக்கு வர்த்தமானம் சொல்லிட்டு இருக்காவ. தூக்கிப் பாத்தா ரெண்டு பக்கமும் தோலு பொத்துப்போயிருக்கு. எரியலியான்னு கேட்டேன். என்ன எரியலியாங்காவ."

என் கையிலிருந்த துணி எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது.

"மூத்திரம் போறாங்களா?"

அவள் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. "நேத்து உச்சிவேளையிலிருந்து இல்ல. போய் நிக்காவ, வரமாட்டேங்கு. வயிறு கல்லு மாதிரி இருக்கு. வலிக்கல்லங்காவ. இப்ப உடுப்பு மாட்டிட்டுப் போயிட்டாவ அக்கா."

முதுகெலும்பின் அடியில் குதிரைவால் மாதிரி ஒரு நரம்புக் கொத்து இருக்கிறது. அது நசுங்கினால் சேணத்தில் படும் இடம் முழுவதும் மரத்துவிடும், சிறுநீர் நின்றுவிடும். சில மணி நேரத்துக்குள் விடுவிக்காவிட்டால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க ரப்பர் குழாயோடு இருக்க வேண்டும். ஆறாட்டு ஊர்வலம் கடற்கரைக்குப் போய்த் திரும்ப ராத்திரி ஆகிவிடும்.

ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினேன். டாக்டர் ஒரு தொடை எலும்பின் நடுவில் இருந்தார். வாசலில் நின்று, கண்டதை அல்ல, கேட்டதைச் சொன்னேன். அவர் தலையைத் திருப்பவில்லை. கை மட்டும் ஒரு நொடி நின்றது.

"இறக்கிக் கொண்டுவா. நடக்க விடாதே. நான் இதை முடிக்கிறேன்."

ஆஸ்பத்திரி வேன் கிழக்குக் கோட்டை வரைதான் போக முடிந்தது. அதற்கு மேல் மனிதத் தலைகள். சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு கூட்டம், பழவங்காடியிலிருந்து ஒரு கூட்டம். ஸ்டிரெச்சர்க்காரர்களைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு நான் முன்னால் நெருக்கியடித்துப் போனேன். வெள்ளை உடுப்பைப் பார்த்துச் சிலர் வழிவிட்டார்கள். சிலர் "சிஸ்டரே, ஆர்க்காணு?" என்று யாருக்கு என விசாரித்தார்கள். மேற்குக் கோட்டை வாசலுக்கு வெளியே குதிரைகள் வரிசையாக நின்றன. எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள். முதலில் ஜூலி. அதன் மேல் தாணுலிங்கம், தலைப்பாகையும் ஈட்டியுமாக. அவ்வளவு நேராக உட்கார்ந்திருந்தார்.

மேஜர் தரையில் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தா சிஸ்டரே?"

"தாணுலிங்கத்தை இறக்கணும் சார். டாக்டர் உத்தரவு."

"டாக்டர் நடை வேகத்தில போகலாம்னு சொன்னாரே. இப்ப என்ன மாறிச்சு?"

நாலடி தூரத்தில் தாணுலிங்கம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்திரம் நின்றுபோனதும் பிட்டம் வெந்ததும் எனக்கு யார் மூலம் தெரிந்திருக்கும்? இந்த உலகத்தில் அது தெரிந்தவள் ஒருத்திதான். நான் மேஜர் காதில் சொன்னாலும், அவர் கூப்பிட்டுக் கேட்பார். இவர் இல்லை என்பார். மறுத்துவிட்டால் அதோடு முடிந்தது. வீட்டில் அவள் பாடு வேறு.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று அவரே மேலிருந்து சொன்னார். "சிஸ்டருக்கு என்மேல உள்ள அக்கறையாக்கும்."

உள்ளே மேளம் தொடங்கியது. வரிசையில் குதிரைகள் காதை நிமிர்த்தின. மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "காரணம் சொல்லுங்க சிஸ்டர். இல்லேன்னா விலகி நில்லுங்க."

"சார், ஒரு நிமிஷம் என்கூட இந்தப் பக்கம் வாங்க" என்றேன். அவரை ஜூலியின் வலப்பக்கம் அழைத்துப் போனேன். "தாணுலிங்கம், எப்படி உட்காருவீங்களோ அப்படியே நேரா உட்காருங்க. கோட்டை வாசலைப் பாருங்க. கீழே பார்க்காதீங்க."

அவர் நிமிர்ந்தார். அவர் காலை நான் அசைக்கவில்லை. அங்கவடி இரும்பை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து, பூட்ஸை உரசாமல் மெல்ல முன்னால் இழுத்துக் கழற்றினேன். குதிரை அசைந்தால் எல்லாம் கெட்டுவிடும். ஜூலி அசையவில்லை. பூட்ஸ் வெறும் காற்றில் தொங்கியது.

"உங்க வலது கால் எங்கே இருக்கு?"

"எங்க இருக்கும்? அங்கவடியிலதான்."

"நல்லா ஊன்றியிருக்கா?"

"நல்லா ஊணியிருக்கு சிஸ்டர். சிக்குனு இருக்கு."

மேஜர் தொங்கும் காலைப் பார்த்தார். என் கையிலிருந்த இரும்பைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. குதிரைக்காரனுக்கு அது என்ன என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். முன்னால் வந்து கடிவாளத்தைப் பிடித்தார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"தாணு. கீழே பாரு."

தாணுலிங்கம் குனிந்தார். பிறகு ஈட்டியை மேஜரிடம் நீட்டினார்.

"நீயா இறங்க வேண்டாம். நாங்க இறக்குறோம்" என்றார் மேஜர். இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கி ஸ்டிரெச்சரில் கிடத்தினார்கள். கூட்டம் எட்டிப்பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். மேஜர் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஜூலியின் அங்கவடியில் காலை வைத்து ஏறிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈப்பன் தயாராக இருந்தார். குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார். பாத்திரம் நிரம்பி இன்னொரு பாத்திரம் கேட்டார். பிறகு ஊசி முனையால் இரண்டு பிட்டங்களையும் தொடைகளின் உள்பக்கத்தையும் தொட்டுத் தொட்டு எல்லை குறித்தார். தாணுலிங்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

வெளியே வந்து டாக்டர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "மதராஸுக்கு அனுப்பினால் ரயிலிலேயே நேரம் முடிந்துவிடும். இந்த ஆபரேஷனுக்கு நான் சீமையில் இரண்டு தடவை உதவிக்கு நின்றிருக்கிறேன். என் கையால் செய்ததில்லை." முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டினார். "மூன்று நாளைக்கு முன்னால் நான் அவனை விட்டிருக்கக் கூடாது."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பகவதியிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். செய்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். செய்யாவிட்டால் இப்படியே இருக்கும். செய்தாலும் எவ்வளவு திரும்பும் என்று தெரியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீங்கதானே சார் கத்தி எடுப்பீங்க?" அவர் தலையசைத்தார். "அப்பம் செய்யுங்க."

நான் தியேட்டருக்குள் ஓரமாக நின்றேன். அவர் கை கழுவுவதைப் பார்த்தேன். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். எலும்பைச் சிறிது சிறிதாகக் கொத்தி எடுத்து, நரம்புக் கொத்தை ஒரு பக்கம் ஒதுக்கினார். அடியில் நண்டுச்சதை மாதிரி வெள்ளையாக ஒரு துண்டு. சுண்டுவிரல் நீளம் இருக்கும். இடுக்கியால் இழுத்து வெளியே எடுத்தார். நரம்பு மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பியது. "தையல்" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம்தான் என் வேலை. தாணுலிங்கம் குப்புறப் படுத்திருந்த வாரங்களில் அவர் கால்களை நான் அசைத்தேன், பிறகு அவரையே அசைக்கச் சொன்னேன். சொன்னதைச் செய்தார். என்னோடு பேசவில்லை. மற்ற சிஸ்டர்களிடம் பேசுவார், வார்டு பையனோடு சீட்டு விளையாடுவார், நான் வந்தால் முகம் சுவர்ப் பக்கம் போய்விடும். ஒரே ஒரு நாள், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னார்: "ஊரே பாத்துக்கிட்டு நிக்க, பொணம் மாதிரி எறக்கினீங்க. நீங்க கேட்டிருந்தா நான் தனியா எறங்கியிருப்பேன்."

இறக்கணும் என்று அவர் காதுபடவே சொன்னேன், அவர்தான் ஒன்றும் இல்லை என்றார். ஆனால் அதைச் சொல்லி என்ன பயன்? "விரலை மடக்குங்க" என்றேன். மடக்கினார்.

சிறுநீர் தானாக வந்த காலையில் பகவதி வராந்தாவில் நின்று அழுதாள். பிட்டத்துப் புண் ஆறியது. மரத்த இடங்களில் ஊசி குத்தல் தெரியத் தொடங்கியது. வலது குதிகால் மட்டும் முழுவதும் திரும்பவில்லை, ஊன்றுகோலோடு நடந்தார். ஒரு நாள் பகவதி என்னைத் தனியாக இழுத்துப்போய், குழந்தை குட்டி என்று மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். நான் டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதையே அவளிடம் சொன்னேன்.

குதிரைப்படை வேலை போய்விட்டது. மேஜர் எவ்வளவோ எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. அவர் வார்டுக்கு வந்து அதைத் தானே சொன்னார். தாணுலிங்கம் கேட்டுக்கொண்டு, "அண்ணைக்கு ஜூலி ஒழுங்காட்டு நடந்தாளா சார்?" என்று மட்டும் கேட்டார். "நடந்தாள். நான்தான் ஒழுங்கா உக்காரலை" என்றார் மேஜர். டிஸ்சார்ஜ் ஆன நாளில் தாணுலிங்கம் டாக்டர் காலைத் தொட்டுக் கும்பிட்டார், என்னைத் தாண்டிக்கொண்டு போனார். மாமனாரின் அரிசிக்கடையில் உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆரியசாலைப் பக்கம் போக வேண்டியிருந்தால் நான் வேறு வழியாகச் சுற்றிப் போவேன்.

மாநிலங்களைப் பிரித்து, எங்கள் தெற்குப் பக்கம் மதராஸோடு சேர்த்த வருடம். தக்கலைக்கே வந்துவிடு என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பத்தில் இருந்த ஒரு நாள், மசாஜ் ரூம் வாசலில் பகவதி நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள்.

"அக்கா, கீழ வாறியளா? அவ்வொ நிக்காவ. மேல வரமாட்டாவளாம்."

"என்ன விஷயம்?"

"வாங்க, சொல்லுகேன்." படியிறங்கும்போது என் காதோரம் சொன்னாள்: "அண்ணைக்கு உங்ககிட்ட வந்தது நான்தான்னு போன மாசம் அவ்வொகிட்ட சொல்லிட்டேன் அக்கா. ரெண்டு நாளு சோறு திங்கல்ல. பின்னே இண்ணைக்குக் காலையில, பொறப்படு, ஆஸ்பத்திரிக்குப் போணும்னாவ."

வேப்பமரத்தடியில் தாணுலிங்கம் நின்றுகொண்டிருந்தார். ஊன்றுகோல் அக்குளில். இன்னொரு கையில் துணியில் சுற்றிய ஒரு குழந்தை.

அவர் நலம் விசாரிக்கவில்லை. குழந்தையை என்னிடம் நீட்டினார்.

"பொம்பளப் புள்ள. வலது காலு கொஞ்சம் சோம்பலா ஒதைக்குன்னு எனக்குத் தோணுது. எல்லாரும் இல்லங்கா. நீங்க பாருங்க."

அங்கேயே மரத்தடிச் சிமெண்டுத் திட்டில் துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்தினேன். தொடையை மடக்கி விரித்துப் பார்த்தேன். குதிகாலைத் தொட்டேன். பிறகு உள்ளங்காலின் ஓரத்தில் நகத்தால் மெல்லக் கோடு இழுத்தேன். முதலில் இடது. அது வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அவர் ஊன்றுகோலோடு குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வலது பாதத்தில் கோடு இழுத்தேன். ஐந்து விரல்களும் விசிறி மாதிரி விரிந்தன. அடுத்த நொடி அந்தக் கால் என் மணிக்கட்டில் ஓங்கி உதைத்தது. குழந்தை வீரிட்டு அழுதது.

"ரெண்டு காலும் நல்லா இருக்கு" என்றேன். "இதைவிடப் பலமா எந்தக் குழந்தையும் என்னை உதைச்சதில்லை."

அவர் குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதன் முதுகைத் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"உங்க மேல உள்ள கோவம் இன்னும் போகல்ல சிஸ்டர்" என்றார். "ஆனா இவ நடக்குத வரைக்கும் மாசாமாசம் கொண்டுவருவேன். ஊருக்குப் போறேன் அது இதுன்னு எங்கயும் போயிராதீங்க."

நான் போகவில்லை.